நெகிழியாக்குவதா, நெகிழ வைப்பதா?

கேள்வி: 'பிளாஸ்டிசைஸ்' என்ற சொல்லை 'நெகிழியாக்கு' என்று தமிழில் எழுதலாமா? ஒரு பொருளை பிளாஸ்டிக்காக மாற்றுவதுதானே அதன் அர்த்தம்?

பதில்: இல்லை, எதுவும் பிளாஸ்டிக்காக மாறுவதில்லை. விறைப்பாக இருப்பதை வளையவும் பிசையவும் வருகிற பதத்துக்குக் கொண்டுவருவதுதான் அது. 'பிளாஸ்டிக்' என்பதே முதலில் ஒரு பொருளின் பெயர் இல்லை, 'வனையத்தக்க' என்று அர்த்தம் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. காய்ந்த களிமண் கட்டியை அழுத்தினால் உடைகிறது, தண்ணீர் விட்டுப் பிசைந்தால் விரல் தள்ளிய பக்கமெல்லாம் போகிறது, அங்கே தண்ணீர் செய்கிற வேலைக்குத்தான் இந்தப் பெயர்.

தண்ணீர்க் குழாயும் ஒயரின் மேலுறையும் பி.வி.சி. என்ற ஒரே வகை பிளாஸ்டிக்தான். குழாய் வளையாது, ஒயர் வளைகிறது. ஒயருக்கான பி.வி.சி.யில் எண்ணெய் மாதிரி ஒரு திரவத்தைச் சேர்க்கிறார்கள், அதன் சின்ன மூலக்கூறுகள் பி.வி.சி.யின் நீண்ட சங்கிலிகளுக்கு நடுவில் புகுந்து அவை ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளாமல் விலக்கி வைப்பதால் சங்கிலிகள் நகர இடம் கிடைக்கிறது. அமெரிக்காவில் வால்டோ செமன் என்ற வேதியியலாளர் 1926-ல் பி.வி.சி.யை இப்படித்தான் மென்மையாக்கினார்.

அந்தத் திரவம் சங்கிலிகளோடு வேதிப்பிணைப்பில் இல்லை, அதனால் மெல்ல வெளியேறவும் செய்யும். பெட்டியில் பல மாதம் பிளாஸ்டிக் அளவுகோலோடு ஒட்டிக் கிடந்த வினைல் (அதாவது பி.வி.சி.) அழிரப்பரைப் பிய்த்து எடுத்துப் பாருங்கள், அளவுகோலில் ரப்பரின் வடிவத்திலேயே ஒரு பிசுபிசுத்த பள்ளம் இருக்கும். ரப்பரிலிருந்து கசிந்தது அளவுகோலையும் இளக்கிவிட்டது. பழைய மழைக்கோட்டு விறைத்து, மடிப்பில் வெடிப்பதும் பெரும்பாலும் இந்தத் திரவம் போய்விடுவதால்தான்.

சரி, தமிழுக்கு வருவோம். 'நெகிழி' என்றாலே பிளாஸ்டிக் என்று ஆகிவிட்டதால் 'நெகிழியாக்கு' என்று படிப்பவர் நீங்கள் நினைத்த மாதிரியேதான் நினைப்பார். 'நெகிழ்வூட்டு' என்று எழுதுங்கள், சேர்க்கிற பொருள் 'நெகிழ்வூட்டி'. 'தொடியொடு தோள்நெகிழ' என்று குறளிலேயே (1236) நெகிழ் இருக்கிறது. இறுக்கம் தளர்வதைச் சொல்ல இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை. 'பி.வி.சி.க்கு நெகிழ்வூட்டி சேர்த்தால் வளையும்' என்றால் யாருக்கும் புரியும்.

கான்கிரீட்டுக்கு மட்டும் இந்தச் சொல்லைத் தவிர்ப்பேன். அங்கே பிளாஸ்டிசைசர் சேர்ப்பது, தண்ணீரைக் கூட்டாமலே ஈரக் கலவை நன்றாக ஓடுவதற்காக. இறுகிய கான்கிரீட் அதனால் வளையப் போவதில்லை, அப்புறம் 'நெகிழ்வூட்டி' என்று போட்டால் படிப்பவர் தூணே வளையும் என்று எடுத்துக்கொள்வார். 'கலவை இளக்கி' போதும்.