ஐந்து பேருக்கு ஒரே லினக்ஸ் பெட்டி: 16 கோரா, 64 ஜிபி ராமா?

சிபியுவில் 8 கோரே போதும், மிச்சமாகும் பணத்தை ராமில் போடுங்கள்: 64 ஜிபி, முடிந்தால் இசிசி (பிழையைத் தானே கண்டு திருத்தும் ராம்). ஐந்து பேர் எஸ்எஸ்எச் வழியாக, அதாவது வேறு கணினியிலிருந்து, வந்து சி++ கம்பைல் செய்யும் பெட்டியில் முதலில் மூச்சுத் திணறுவது பெரும்பாலும் சிபியு இல்லை.

இப்போதைய 16 ஜிபி பெட்டி மதியமானால் உறைந்துபோகிறது என்கிறீர்கள். டெம்ப்ளேட் நிறைந்த ஒரு கோப்புக்கே கம்பைலர் 1 ஜிபிக்கு மேல் விழுங்கக்கூடும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் மேக் -ஜே8 (எட்டு கம்பைல் வேலைகளைச் சேர்ந்தாற்போல ஓட்டும் கட்டளை) கொடுத்தால் 16 ப்ராசஸ், கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ராம் நிரம்பி ஸ்வாப்புக்கு, அதாவது ராமுக்குப் பதிலாக டிஸ்க்கைப் பயன்படுத்தும் நிலைக்கு, போய்விட்டால் சும்மா விஐ எடிட்டரைத் திறந்து வைத்திருப்பவருக்கும் தட்டிய எழுத்து திரையில் வராது.

வாங்கும் முன், அடுத்த முறை திணறும்போது விஎம்ஸ்டாட் 1 ஓடவிடுங்கள்; ராம், டிஸ்க், சிபியு நிலவரத்தை நொடிக்கு ஒருமுறை காட்டும் கட்டளை அது.

1. எஸ்ஐ, எஸ்ஓ (ஸ்வாப்பிலிருந்து வருவது, ஸ்வாப்புக்குப் போவது) இரண்டிலும் எண்கள் நிற்காமல் ஓடினால் ராம்தான்.
2. அவை பூஜ்யமாக இருந்து டபிள்யூஏ (டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம்) ஏறினால் டிஸ்க். பழைய சுழலும் டிஸ்க் என்றால் என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு மாறுங்கள்.
3. இவை எதுவும் இல்லாமல் ஐடி (சிபியு சும்மா இருக்கும் நேரம்) பூஜ்யத்திலேயே நின்றால், சரி, 16 கோர் வாங்குங்கள்.

இசிசி வாங்கும் முன் மதர்போர்டு கையேட்டைப் படியுங்கள். டிடிஆர்5 ராமில் சில்லுக்குள்ளேயே இசிசி இருக்கிறதே என்று கடையில் சொல்வார்கள்; அது வேறு, ராமுக்கும் சிபியுவுக்கும் நடுவே வரும் பிழையை அது பிடிக்காது. அப்புறம், ராம் குச்சிகளில் யுடிம், ஆர்டிம் என்று வெவ்வேறு வகை உண்டு; யுடிம் கேட்கும் போர்டில் ஆர்டிம் வேலை செய்யாது. மலிவாகக் கிடைத்ததே என்று நான் வாங்கிய நான்கு குச்சிகள் இன்னும் டிராயரில் கிடக்கின்றன.