சிறு ரயில் கேள்வி-பதில்: பொன்மலைக்காரரையும் அழைத்து வாருங்கள்

கேள்வி: ஜனவரி முழுக்க பாஸ்டன் அருகே மகள் வீட்டில் இருப்போம். ஒன்பது வயதுப் பேரனுக்கு ரயில் பொம்மை இருந்தால் சோறு தண்ணீர் வேண்டாம். வெஸ்ட் ஸ்பிரிங்ஃபீல்டில் நடக்கும் சிறு ரயில் கண்காட்சிக்குப் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். என் கணவர் பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "நிஜ வண்டியையே பிரித்துப் போட்டவனுக்குப் பொம்மை எதற்கு?" என்கிறார். என்ன செய்யலாம்?
(வாசகி, ஸ்ரீரங்கம்)

பதில்: கட்டாயம் அழைத்து வாருங்கள் அம்மா. பேரனைவிட அவருக்குத்தான் அங்கே பார்க்க அதிகம் இருக்கிறது.

ஆம்ஹெர்ஸ்ட் ரயில்வே சொசைட்டி நடத்தும் இந்தக் கண்காட்சி வழக்கமாக ஜனவரிக் கடைசியில், சனி ஞாயிறு இரண்டு நாளும் நடக்கும். ஈஸ்டர்ன் ஸ்டேட்ஸ் எக்ஸ்பொசிஷன் மைதானத்தில் நான்கு பெரிய கட்டடங்கள் நிறைய ரயில்களும் கடைகளும் இருக்கும். பழைய ரயில்களைப் பாதுகாப்பவர்களுக்கு அந்தச் சங்கம் நிதி உதவி செய்கிறது. டிக்கெட்டுக்குக் கொடுக்கும் காசு நல்ல வழியில்தான் போகிறது.

உங்கள் கணவரைக் கடைகள் பக்கம் விடாமல், கிளப்காரர்கள் தண்டவாளம் பதித்த பலகைகளைக் கோத்து ரயில் ஓட்டும் இடத்துக்கு நேரே கூட்டிப்போங்கள். அந்தப் பலகைகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு ஊரில், வெவ்வேறு வீட்டு நிலவறையில் செய்யப்பட்டவை. காரில் ஏற்றி வந்து, கிளாம்ப் போட்டு முறுக்கி, கம்பியை இணைத்தால் ஒருவர் செய்த பாலத்திலிருந்து முன்பின் அறியாத இன்னொருவர் செய்த ஊருக்குள் வண்டி தடையில்லாமல் ஓடுகிறது. முதல் வண்டி இணைப்பைக் கடக்கும்போது, தலை நரைத்தவர்கள் முழங்காலிட்டுத் தண்டவாள மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்ப்பார்கள். ஒரு 'டக்' சத்தம் கூடுதலாகக் கேட்டாலும் வண்டியை நிறுத்திவிடுவார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

இது சாத்தியமானதற்கு அடிப்படை 1935-இல் மில்வாக்கி நகரில் விழுந்தது. அந்தக் காலத்தில் ஒரு கம்பெனியின் வண்டி இன்னொரு கம்பெனியின் பாதையில் ஓடும் என்று நம்ப முடியாது. நேஷனல் மாடல் ரெயில்ரோடு அசோசியேஷன் அந்த ஆண்டில் பிறந்து, சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் பொது அளவுகளை வகுத்தது. அந்த அளவுகளைச் சரிபார்க்க உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் உலோகத் தகடு உண்டு. ஓரமெல்லாம் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். சக்கர ஜோடியை அதில் பொருத்திப் பார்ப்பார்கள். நம் அகலப்பாதை வண்டியில் இரு சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையே 1600 மில்லிமீட்டர் என்று உங்கள் கணவர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். நிஜத்தில் 87-இல் ஒரு பங்கான ஹெச்.ஓ. அளவில் ஓடும் அமெரிக்க மாதிரி வண்டிகளுக்கு அந்த இடைவெளி 14.4 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அதில் கொஞ்சம் பிசகினாலும் பாதை பிரியும் பாயின்ட்டில் வண்டி தடம் புரளும். யாரிடமாவது அந்தத் தகட்டை வாங்கி அவர் கையில் கொடுங்கள். பொம்மை என்ற பேச்சை அதன்பிறகு எடுக்கமாட்டார்.

பனிப்பொழிவு காலம் என்பதால் முதல் நாள் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பேரன் கேட்பதை நுழைந்தவுடன் வாங்கித் தரவேண்டாம். ஒரு சுற்று முழுதாகச் சுற்றிய பிறகு என்ன வேண்டும் என்று அவனே முடிவு செய்யட்டும்.

கேள்வி: நேஷனல் மாடல் ரெயில்ரோடு அசோசியேஷனின் பிராந்திய மாநாட்டுக்கு நண்பர் கூப்பிடுகிறார். ஒரே ஒரு சரக்குப் பெட்டி மட்டும் கையால் செய்திருக்கிறேன். என் போன்ற புதியவன் போகலாமா?
(வாசகர், நியூ ஜெர்சி)

பதில்: போங்கள், அந்தப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போங்கள். கண்காட்சி பொதுமக்களுக்கானது. மாநாடோ ரயில் மாதிரிகளைச் செய்பவர்களுக்கானது, பெரும்பாலும் ஓட்டலில் சில நாள் நடக்கும். பகலில் செய்முறை வகுப்புகள், இன்னொரு அறையில் மாதிரிகளுக்கு மதிப்பெண். மொத்தம் 125, 87.5 எடுத்தால் தகுதிச் சான்றிதழ். கட்டுமானத்துக்கு 40, வண்ணப்பூச்சுக்கும் எழுத்துக்கும் சேர்த்து 25. அந்த மதிப்பெண் தாள் எந்த வகுப்பையும்விட அதிகம் சொல்லித்தரும்.

உள்ளூர் உறுப்பினர்கள் தங்கள் வீட்டு ரயில்பாதையை இயக்க வெளியூர்க்காரர்களை அழைப்பார்கள். இதற்காகவே மாநாட்டுக்குப் போகலாம் என்பேன். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அட்டை. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகவேண்டும் என்ற சீட்டு அதில் செருகியிருக்கும். சுவரில் ஒரு கடிகாரம் வேண்டுமென்றே வேகமாக ஓடும். கட்டுப்பாட்டாளர் அனுமதி தராமல் வண்டியை நகர்த்தக் கூடாது. நீங்கள் அட்டையைப் படித்து, எந்தப் பெட்டியை எங்கே கழற்றுவது என்று யோசித்து, கொக்கிகளுக்கு நடுவே மூங்கில் குச்சியை விட்டு மெல்லத் திருப்புவீர்கள். பெட்டி சத்தமில்லாமல் பிரியும். எதிர்த் திசை வண்டிக்காகக் காத்திருக்கும் நேரத்தில், பக்கத்தில் நிற்பவர் எந்த ஊர், எந்தப் பாதையை மாதிரியாகச் செய்கிறார் என்று பேச்சு வளரும். என் நெருங்கிய நண்பர்கள் பலர் அப்படிக் கிடைத்தவர்கள்தான்.

முதல் முறை போகும்போது அனுபவசாலி ஒருவருடன் ஜோடியாகச் சேர்த்துவிடும்படி கேளுங்கள், மகிழ்ச்சியோடு செய்வார்கள். வீட்டுக்காரர் சொல்லாமல் எந்த வண்டியையும் கையால் தூக்காதீர்கள்.

கேள்வி: நீலகிரி ரயிலை ஹெச்.ஓ. அளவில் செய்ய ஆசை. எந்தத் தண்டவாளம் வாங்குவது?
(கல்லூரி மாணவர், கோவை)

பதில்: கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் பாதை வேண்டாம். நீலகிரி மீட்டர்கேஜ், 1000 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை. ஹெச்.ஓ.எம். என்ற பெயரில் 12 மில்லிமீட்டர் பாதை விற்கிறார்கள், சுவிட்சர்லாந்து மலைரயில்களுக்காக வந்தது அது. எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏற நடுவில் பதிக்கும் பற்சட்டமும் அந்த வரிசையில் உண்டு. நீலகிரியின் பழைய எக்ஸ் வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை என்பதால் உறவு பொருந்தித்தான் வருகிறது. முதலில் ஒரு முழ நீளப் பாதை மட்டும் வாங்குங்கள். மேட்டுப்பாளையம் போய் ஸ்லீப்பர்களின் இடைவெளியை நிழற்படம் எடுத்து வந்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகு மீதியை வாங்கலாம்.