கலங்கல் நீரும் தேன்கலந்த பாலும்: ஏ.கே. ராமானுஜன் பற்றிய கேள்விகளுக்குப் பதில்கள்

ஆங்கில இலக்கியம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். ஆங்கிலத்தில் கவிதை எழுதி, சங்கப் பாடல்களை ஆங்கிலமாக்கிய ராமானுஜனை முப்பது ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். பக்கச்சார்பு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்டவற்றில் ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி (முதுகலை மாணவி): ஐயா, அவரைக் கவிஞர் என்பதா, மொழியியலாளர் என்பதா, விமர்சகர் என்பதா? தேர்வில் எப்படி எழுதுவது?

தேர்வில் மூன்றையும் எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். சம்பளச் சீட்டின்படி அவர் மொழியியலாளர். 1950இல் மைசூரில் ஆங்கில எம்.ஏ. முடித்துவிட்டு கொல்லம், பெல்காம், பரோடா என்று ஊர் ஊராக ஆங்கிலம் கற்பித்தார். பிறகு பூனா டெக்கான் கல்லூரியில் மொழியியல் படித்தார். 1959இல் ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்று அமெரிக்கா போனார். இந்தியானா பல்கலைக்கழகத்தில் 1963இல் முனைவர் பட்டம் வாங்கினார், அதுவும் கன்னட இலக்கணத்தை ஆராய்ந்து. அதற்குள் சிகாகோவில் வேலை கிடைத்திருந்தது. 1993 ஜூலையில் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். வயது 64.

முதல் கவிதை நூல் 1966இல் வந்தது, முதல் பெரிய சங்க மொழிபெயர்ப்பு நூல் 1967இல். ஓராண்டுதான் இடைவெளி. இரண்டும் ஒரே மேசையில் எழுதப்பட்டவை என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

கேள்வி: மைசூரில் பிறந்தவரை நாம் ஏன் தமிழர் என்று உரிமை கொண்டாட வேண்டும்?

கொண்டாட வேண்டாம், வாசித்தால் போதும். வீட்டுமொழி தமிழ், குடும்பம் ஐயங்கார் குடும்பம். வீட்டின் கீழ்த்தளத்தில் அம்மாவோடு தமிழ், மாடியில் அப்பாவோடு ஆங்கிலம், தெருவில் இறங்கினால் கன்னடம். படிக்கட்டில் ஏறி இறங்கும்போதே மொழி மாறிவிடும்.

அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விடமுடியாது. கணிதப் பேராசிரியர், வானியல் தெரிந்தவர், ஜாதகமும் கணிப்பவர். வெள்ளைத் தலைப்பாகை, நெற்றியில் திருமண், கழுத்தில் டை. புளூட்டோவையும் நெப்டியூனையும் கண்டுபிடித்த பிறகு உங்கள் நவக்கிரகம் என்ன ஆகும் என்று இருபது வயது மகன் கேட்டபோது, தேவையான திருத்தத்தைச் செய்துகொள்ள வேண்டியதுதான் என்றாராம். குளித்துத் திருமண் இட்டு கீதை படித்துவிட்டு, பிறகு மதத்தை விமர்சித்த தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலையும் எப்படிப் புகழ முடிகிறது என்று கேட்டதற்கு, மூளைக்கு இரண்டு பாகம் உண்டு என்பது தெரியாதா என்று பதில். நாற்பது ஆண்டு கழித்து, இந்தியர்களுக்கென்று தனிச் சிந்தனை முறை உண்டா என்ற கட்டுரையை மகன் இந்த அப்பாவிடமிருந்துதான் தொடங்குகிறார். ஆராய்ச்சிக் கட்டுரைக்குள் அப்பாவை உட்காரவைக்க ஒரு கவிஞனுக்குத்தான் துணிச்சல் வரும்.

கேள்வி: சங்கத் தமிழை யாரிடம் கற்றார்?

சிறுவயதில் யாரிடமும் இல்லை. 1962இல் சிகாகோ போய்ச் சேர்ந்த புதிதில், ஒரு சனிக்கிழமை, பழந்தமிழ் இலக்கணம் ஏதாவது கிடைக்குமா என்று பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் தேடியிருக்கிறார். அங்கே உ.வே. சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுக் குறுந்தொகைப் பதிப்பு அகப்பட்டது. தன் மரபு என்பது பிறப்பினால் வந்துவிடும் சொத்து இல்லை, உழைத்து மீட்டெடுக்க வேண்டியது என்று பின்னர் எழுதினார். வீட்டில் தமிழ் பேசிய ஒருவர் தமிழின் பழம்பாட்டை மிச்சிகன் ஏரிக்கரையில் உரையை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார். நமக்கெல்லாம் அது பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடப் பகுதியாகக் கிடைத்தது. மனப்பாடம் செய்தோம், மறந்தோம்.

கேள்வி (தமிழாசிரியர்): அவருடைய மொழிபெயர்ப்பை ஆகா ஓகோ என்கிறார்கள். ஒரே ஒரு பாட்டை வைத்து விளக்க முடியுமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஐங்குறுநூறு 203, கபிலர் பாட்டு:

அன்னாய் வாழிவேண் டன்னைநம் படப்பைத்
தேன்மயங்கு பாலினும் இனிய அவர்நாட்டு
உவலைக் கூவற் கீழ
மானுண் டெஞ்சிய கலிழி நீரே.

தலைவனோடு உடன்போய்த் திரும்பி வந்திருக்கிறாள் தலைவி. அந்த ஊர்த் தண்ணீர் நன்றாக இருக்காதே, எப்படிக் குடித்தாய் என்று தோழி கேட்கிறாள். அதற்குப் பதில் இது. நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட இனிது, அவர் நாட்டில் சருகு மூடிய பள்ளத்தின் அடியில் விலங்கு குடித்து மிஞ்சிய கலங்கல் நீர்.

நீங்கள் தமிழாசிரியர், உங்களுக்குத் தெரியும்: தமிழில் அடைமொழி எல்லாம் முன்னே வரும், பெயர் கடைசியில் வரும். சருகு, பள்ளம், அடி, மான், மிச்சம், கலங்கல் என்று ஒவ்வொன்றாகத் தாண்டிக் கடைசியில்தான் நீரைத் தொடுகிறோம். ஆங்கிலம் நேர் எதிர். நீர் என்று சொல்லிவிட்டுத்தான் அது எப்படிப்பட்டது என்று சொல்ல முடியும். ஆங்கிலத்தில் தமிழ் வாக்கியம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலைகீழாகத் தெரியும் என்பதை இந்தப் பாட்டை வைத்தே தனிக் கட்டுரையில் ராமானுஜன் அலசுகிறார். அங்கே பேசுவது மொழியியலாளர்.

ஆனால் தீர்வைக் கண்டது கவிஞர். சாதாரண ஆங்கிலத்தில் ‘அவர் நாட்டு நீர் பாலைவிட இனிது’ என்றுதான் வரும். அவர் அப்படிச் செய்யவில்லை. ‘பாலைவிட இனிது’ என்பதை முதலில் நிறுத்திவிட்டார். இப்போது நம் தோட்டம் முன்னால், அவர் நாடு பின்னால். கபிலர் வைத்த வரிசை கெடவில்லை. நீர் மட்டும் முன்னே நகர்ந்துவிட்டது. அதை ஈடுகட்ட வரிகளை ஒடித்து ஒடித்துப் படிபோல இறக்குகிறார். பாட்டு பள்ளத்துக்குள் இறங்கி, விலங்குகள் கலக்கிய சேற்றில் முடிகிறது. மானை அவர் விலங்கு என்று பொதுவாக்கிவிட்டதாக ஒரு நண்பர் கோபித்துக்கொண்டார். கலிமான் என்றால் குதிரை, பழந்தமிழில் மான் விலங்குக்குப் பொதுவாகவும் வரும் என்பதை அவருக்கு நினைவூட்டினேன். சமாதானம் ஆகவில்லை. எனக்கும் மான் போனதில் கொஞ்சம் வருத்தம்தான்.

மேடையில் சங்க இலக்கியம் பற்றி ஒரு மணி நேரம் முழங்குகிறவர்கள், ‘நீரே’ ஏன் கடைசியில் நிற்கிறது என்று ஒரு நிமிடம் சொன்னால் நன்றாக இருக்கும்.

கேள்வி: அவர் மொழிபெயர்ப்பில் குறையே கிடையாதா?

உண்டு. வசனங்கள் எனப்படும் கன்னட வீரசைவ அடியார்களின் பாடல்களை அவர் ஆங்கிலமாக்கிய நூல் 1973இல் வந்தது. அதில் அல்லமப் பிரபுவின் வசனத்தை மேற்கத்திய வாசகருக்குப் பழகிய ஆன்மிகமாக மாற்றிவிட்டார் என்று ஆய்வாளர் தேஜஸ்வினி நிரஞ்சனா 1992இல் கடுமையாக எழுதினார். நியாயமான கேள்வி அது. நம்மாழ்வார் மொழிபெயர்ப்பிலும் எனக்கு ஒரு மனக்குறை. பொருள் துல்லியமாக வருகிறது, ‘ஆழ்வார்’ என்ற பெயருக்குள் இருக்கும் மூழ்குதலைத் தலைப்பிலேயே பிடித்துவிடுகிறார், ஆனால் அந்தாதியின் சங்கிலி அறுந்துபோகிறது. நூறு பாட்டு தொடர்ந்து ஓதிக் கேட்டவன் காதுக்கு அது பெரிய இழப்பு.

கேள்வி (மதுரைக்காரர்): எங்கள் வைகையைக் கேலி செய்து ஒரு கவிதை எழுதியிருக்கிறாராமே?

வைகையை இல்லை ஐயா, வைகையைப் பாடியவர்களை. 1966 தொகுப்பில் உள்ள கவிதை. கோடையில் ஆறு மணலில் நூலாக வற்றுகிறது. மதகுகளில் வைக்கோலும் பெண்களின் தலைமுடியும் அடைத்துக் கிடக்கின்றன. ஈரக் கற்கள் தூங்கும் முதலைபோலவும் காய்ந்த கற்கள் மழித்த எருமைபோலவும் கிடக்கின்றன. புலவர்கள் இதைப் பாடவில்லை, வெள்ளத்தை மட்டுமே பாடினார்கள். பரிபாடலின் வையைப் பாடல்களை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தில் மூன்று வீடுகளும், பெயர் சொல்லத்தக்க இரண்டு பசுக்களும், ஒரு கர்ப்பிணியும் போனார்கள். பசுக்களுக்குக் கோபி, பிருந்தா என்று பெயர் உண்டு. அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. புதுக் கவிஞர்கள் பழைய கவிஞர்களையே மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தார்கள், அவள் வயிற்றில் இருந்திருக்கக்கூடிய இரட்டைக் குழந்தைகளைப் பற்றி எவரும் பேசவில்லை.

விமர்சனக் கட்டுரையாக எழுதியிருந்தால் இருபது பக்கம் வந்திருக்கும். வேடிக்கை என்னவென்றால், அடுத்த ஆண்டே பழைய கவிஞர்களை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன நூலை இவரே வெளியிட்டார்.

கேள்வி: டெல்லியில் ராமாயணக் கட்டுரைக்கு என்ன தகராறு?

வால்மீகி, கம்பன், சமண ராமாயணங்கள், தாய்லாந்துக் கதை, நாட்டார் வழக்கு எல்லாவற்றையும் அருகருகே வைத்துப் பேசும் கட்டுரை அது, 1991இல் அச்சானது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பாடத்தில் இருந்தது. 2008இல் எதிர்ப்பு வன்முறையானது. 2011இல் பல்கலைக்கழகம் நீக்கிவிட்டது. எதிர்த்தவர்களில் எத்தனை பேர் படித்தார்கள் என்பது அவரவர் மனசாட்சிக்கு. கம்பனின் அகலிகைப் படலத்தை வால்மீகியோடு ஒப்பிடும் பகுதிக்காகவே நம்மவர்கள் அதைப் படிக்கலாம்.

கேள்வி: ஏன் தமிழில் கவிதை எழுதவில்லை?

பள்ளியும் தெருவும் கன்னடமாக இருந்தது. கன்னடத்தில் மூன்று கவிதைத் தொகுப்புகளும் ஒரு சிறு நாவலும் எழுதினார். தமிழ் அவருக்கு அம்மாவின் மொழி, பிறகு ஆய்வின் மொழி. இரண்டுக்கும் நடுவில் ஒரு மொழி தேவைப்படுகிறது எழுதுவதற்கு.

கேள்வி: நானும் விரிவுரையாளர், கவிதை எழுதுகிறேன். ஆய்வுக்கட்டுரை எழுதத் தொடங்கியதிலிருந்து கவிதை வற்றிவிட்டது. அவர் எப்படிச் சமாளித்தார்?

அவரும் குறைவாகத்தான் எழுதினார் தம்பி. ஆங்கிலத்தில் 1966, 1971, 1986 என்று உயிரோடிருந்தபோது மூன்றே தொகுப்புகள். கடைசி இரண்டுக்கும் நடுவில் பதினைந்து ஆண்டுகள். அந்த இடைவெளியில் வசனங்கள், நம்மாழ்வார், அகமும் புறமும் சேர்ந்த சங்கத் தொகுப்பு, அனந்தமூர்த்தியின் கன்னட நாவல் ‘சம்ஸ்காரா’ என்று மொழிபெயர்ப்புகள் வந்தன. பத்மஸ்ரீயும் மக்ஆர்தர் நல்கையும் கிடைத்தன. சாகித்திய அகாதெமி விருது இறந்தபிறகு 1999இல், கவிதைகளின் முழுத்தொகுப்புக்கு.

தன் படிப்பு தனக்குப் புற வடிவத்தையும், தமிழும் கன்னடமும் நாட்டார் கதைகளும் அக வடிவத்தையும் தந்ததாகவும், எது எங்கிருந்து வருகிறது என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார். உங்கள் ஆய்வுத் தலைப்பு என்ன என்று நீங்கள் சொல்லவில்லை. பதவி உயர்வுக்காக எடுத்த தலைப்பாக இருந்தால் கவிதை வற்றத்தான் செய்யும்.

கேள்வி: எதிலிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

குறுந்தொகை மூன்றாம் பாட்டு, ‘நிலத்தினும் பெரிதே’. தமிழில் ஒருமுறை, உரையோடு ஒருமுறை, பிறகு அவர் ஆங்கிலத்தில். அரை மணி நேரம் போதும்.