வெண்படிகளின் மேலே ஒரு நகரம்

கேள்வி: துருக்கியில் உள்ள பாமுக்கலேயின் வெண்ணிறக் குளங்களைக் காண அடுத்த ஆண்டு குடும்பத்துடன் செல்ல எண்ணியுள்ளோம். அண்மையில் போய்வந்த உறவினர், பாதிக் குளங்கள் வறண்டு கிடந்தன என்கிறார். அவ்வளவு தூரம் செல்வது வீணாகிவிடுமா?

பதில்: வீணாகாது. உறவினர் கண்டது உண்மையே. ஆனால் அது திட்டமிட்டுச் செய்யப்படுவது. ஏறத்தாழ 35 டிகிரி வெப்பத்துடன் ஊறிவரும் அந்த நீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. மேலே வந்ததும் நீரிலுள்ள கரியமில வாயு பிரிந்து போய்விட, சுண்ணாம்பு முதலில் கூழாகப் படிந்து, பிறகு இறுகிக் கல்லாகி, குளங்கள் அமைந்த வெண்படிகளாகிறது. ஓரிடத்திலேயே நீர் ஓயாது ஓடினால் பாசி படர்ந்து வெண்மை கெடும் என்பதால் முறைவைத்துத் திருப்பிவிடுகிறார்கள். முன்பு இந்த மேட்டின் மீதே விடுதிகள் கட்டி, ஊற்றுநீரைத் தங்கள் நீச்சல் குளங்களுக்கு இழுத்துக்கொண்டார்கள்; படிகள் நிறம் மங்கின. 1988-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமான பிறகு, 1990-களில் அவ்விடுதிகள் இடிக்கப்பட்டன. இன்று படிகளில் வெறுங்காலுடன்தான் நடக்க வேண்டும். இந்தக் கண்டிப்பு முழுக்க முழுக்கத் தேவையானது.

பலர் குளங்களில் கால் நனைத்துவிட்டு, உச்சியிலுள்ள ஹியராபொலிஸ் நகரைப் பாராமலே திரும்புவதுதான் எனக்கு வருத்தம். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் பெர்கமோன் அரசர்கள் காலத்தில் எழுந்து, ரோமானியர் ஆட்சியில் செழித்த நகரம் அது. அரங்கமும் அகன்ற வீதியும் ஒருபுறமிருக்க, புளூட்டோனியன் என்னும் சிறு குகைவாயிலை அவசியம் பாருங்கள். பாதாள உலகின் வாசல் என்று அக்காலத்தவர் நம்பிய இடம் அது. தாம் உள்ளே எறிந்த குருவிகள் உடனே மாண்டு விழுந்ததாகக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். பலியாகக் கொண்டுசெல்லப்பட்ட காளைகள் சாய, பூசாரிகள் மட்டும் உயிரோடு திரும்பினார்கள். நிலப்பிளவு வழியே கசியும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. அது தரையை ஒட்டியே தேங்கும். தாழ்ந்திருந்த விலங்கின் மூக்கு அதில் மூழ்கியது, மூச்சை அடக்கி நிமிர்ந்து நின்ற பூசாரியின் முகம் அதற்கு மேலே இருந்தது. கீழே வெண்படிகள் உருவாகக் காரணமான வாயுவே இங்கே உயிரைப் பறித்திருக்கிறது. இன்றும் அது கசிகிறது. தடுப்பைத் தாண்டக் குழந்தைகளை விடாதீர்கள்.

தெனிஸ்லி நகரில் தங்கி, காலையிலேயே வடக்கு வாயில் வழியாக நுழையுங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் கொண்ட இடுகாட்டைக் கடந்து, வீதி, குகை, அரங்கம் எனப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் படிகள் வழியே பாமுக்கலே ஊருக்குள் இறங்கலாம். கோடைக்காலத்தில் மேட்டில் நிழல் மிகக் குறைவு. பெரியவர்கள் உடன்வந்தால் வசந்தகாலமே ஏற்றது.