ஆன்லைன் வகுப்பில் விழுந்த மார்க்கை வைத்துக் கணக்கை விட்டுவிட வேண்டாம்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பையன் ஒன்பதாம் வகுப்பு, வகுப்பு ஆன்லைனுக்கு மாறியதிலிருந்து போனில்தான் பாடம், முன்பெல்லாம் கணக்கில் எண்பதுக்குக் குறையாதவன் இப்போது நாற்பதுக்கே திணறுகிறான், "மேலே கணக்கு இல்லாத பிரிவாப் பார்த்துச் சேர்த்துடுங்க" என்று அவனே சொல்கிறான், சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போது முடிவு எடுக்காதீர்கள். அதுதான் என் பதில், ஏன் என்பதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை இது. 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, உச்சத்தில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 160 கோடி மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள் என்கிறது யுனெஸ்கோ. அதன்பின் பல நாடுகளில் 15 வயதுப் பிள்ளைகளுக்கு நடந்த 2022 பீசா (PISA) என்ற சர்வதேசத் தேர்வில், ஓஇசிடி (பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த அமைப்பு) நாடுகளின் சராசரி 2018-ஐவிட வாசிப்பில் சுமார் 10 புள்ளி, கணக்கில் சுமார் 15 புள்ளி இறங்கியது. மொத்தப் பழியையும் பள்ளி மூடியதன் மேல் போட முடியாதுதான். ஆனாலும் கணக்கு அதிகமாக அடிவாங்கியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. வாசிப்பு வீட்டிலும் நடக்கும், போனில் வரும் செய்தியைப் படித்தால்கூட அது வாசிப்புதான். பின்னத்தையும் இயற்கணிதத்தையும் வீட்டில் யாரும் பேச்சுவாக்கில் போடுவதில்லை. வகுப்பு நின்றால் அதுவும் நின்றுவிடும்.

சரி, வகுப்புதான் போனில் வருகிறதே என்பீர்கள். வருகிறது, ஆனால் ஒரு வழியில் மட்டும். ஆசிரியர் எழுதுவதைப் பையன் பார்க்கிறான், பையன் எழுதுவதை ஆசிரியர் பார்ப்பதில்லை. நேர் வகுப்பில் அவர் பெஞ்சுக்குப் பெஞ்சு நடந்து நோட்டை எட்டிப் பார்த்து, "இந்த வரி எப்படி வந்தது?" என்று விரல் வைப்பார் பாருங்கள், அந்த ஒரு நொடிதான் ஆன்லைனில் காணாமல் போனது.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கு, பிள்ளைகளிடம் நான் அடிக்கடி பார்க்கும் ஒரு தப்பைச் சொல்கிறேன். −3 − 5 எவ்வளவு என்று கேட்டால் 8 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று நினைத்துத் திட்டிவிடுவோம். கேட்டுப் பார்த்தால், "மைனஸும் மைனஸும் சேர்ந்தா பிளஸ்தானே" என்பார்கள். பெருக்கலுக்குச் சொன்ன விதியைத் தூக்கிக் கூட்டல் கழித்தலில் போட்டுவிட்டார்கள். ஆன்லைன் டெஸ்ட் என்ன செய்யும்? சிவப்பில் தவறு, சரியான விடை −8 என்று காட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். பையனும் −8 என்று குறித்துக்கொள்வான், விதி மட்டும் மண்டைக்குள் அப்படியே இருக்கும். அதன் மேல்தான் சமன்பாடு, அதன் மேல்தான் வரைபடம் என்று எல்லாம் ஏறப்போகிறது. பக்கத்தில் யாராவது இருந்து, "மூணு படி கீழே நிக்கிறே, இன்னும் அஞ்சு படி இறங்கு, இப்ப எங்கே இருக்கே?" என்று கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும். (7 + 3)² என்றால் 49 + 9 என்று எழுதுவதும் இதே ஜாதி தப்புதான். 10² எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்டால் 100-க்கும் 58-க்கும் இடையில் அவனே விழித்துக்கொள்வான்.

அதனால் நாற்பது மார்க் என்பது அவனுக்குக் கணக்கு வராது என்பதற்குச் சாட்சி இல்லை. எங்கோ ஒன்றிரண்டு இடத்தில் ஓட்டை விழுந்து, அதை யாரும் பார்க்கவில்லை என்பதற்கான அடையாளமாகவே அதைப் பார்க்கிறேன். (நேர் எதிராக, புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதிய ஆன்லைன் தேர்வில் தொண்ணூற்றைந்து வாங்கியதும் பொறியியல்தான் என்று முடிவு கட்டிய பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். அதுவும் இதே தவறுதான், திசைதான் வேறு.)

இப்போது என்ன செய்யலாம்? நீங்களே கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அதற்காகப் பயப்படவும் வேண்டாம். தினமும் ஒரே ஒரு கணக்கை உங்கள் எதிரில் பேப்பரில் போட்டு, வரிக்கு வரி வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரிய வேண்டும் என்றுகூட இல்லை, "இது எப்படி வந்தது?" என்று மட்டும் கேளுங்கள். அவன் தடுமாறும் வரியில்தான் ஓட்டை இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து ஆசிரியருக்கு அனுப்புங்கள், "புரியலை சார்" என்று மொட்டையாக இல்லாமல், "மூணாவது வரி வரைக்கும் வந்துட்டேன், அதுக்கு மேல தெரியலை" என்று. முதல் கேள்விக்கு எந்த ஆசிரியராலும் பதில் சொல்ல முடியாது, இரண்டாவதற்கு அரை நிமிட வாய்ஸ் மெசேஜ் போதும்.

வீடியோ பார்ப்பதிலும் ஒரு வம்பு இருக்கிறது. சரளமாகச் சொல்லிக்கொடுப்பவரைப் பார்க்கும்போது எல்லாமே புரிந்த மாதிரி இருக்கும், மூடி வைத்துவிட்டுப் போட்டால் கை ஓடாது. கேள்வி திரையில் வந்ததும் நிறுத்தி, அவன் முதலில் முயன்ற பிறகே மீதியை ஓடவிட வேண்டும். தொலைவிலிருந்து கணக்கே கற்க முடியாது என்றும் சொல்ல மாட்டேன். கான் அகாடமி என்ற இலவசத் தளமே, சல்மான் கான் (நடிகர் இல்லை, இவர் வேறு) 2004-இல் வேறு ஊரில் இருந்த தன் உறவுக்காரச் சிறுமிக்குப் போனில் கணக்குச் சொல்லித்தந்ததில் தொடங்கியதுதான். அங்கே பேச்சு இரண்டு பக்கமும் ஓடியது, அதைக் கவனியுங்கள். உங்கள் பையனுக்கும் ஒரு நண்பன் போனில் இருந்தால் போதும், ஒருவன் கணக்கைச் சொல்ல மற்றவன் போடலாம், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். வடிவியல் மட்டும் கண்டிப்பாகக் காம்பஸும் ஸ்கேலும் எடுத்துத் தாளில் வரைய வேண்டும். போட்டோ எடுத்தால் விடை தரும் செயலிகளை, அவன் சொந்தமாக ஒரு விடைக்கு வந்த பிறகு சரிபார்க்க மட்டும் விடுங்கள்.

பிரிவு விஷயத்துக்கு வருகிறேன். கணக்கை விட்டால் கணக்கு தொலைந்தது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். நர்சிங் போனால் மருந்தின் அளவைக் கணக்கிட விகிதம் வேண்டும், உளவியல் படித்தால் புள்ளியியல் வந்து நிற்கும். ஓட்டையை அடைத்த பிறகும் அவனுக்கு அதில் மனம் ஒட்டவில்லை என்றால் விடட்டும், நானே கூட இருந்து வேறு பிரிவு தேடித் தருகிறேன். பயத்தில் விடுவது வேறு, பிடிக்காமல் விடுவது வேறு.

எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். அவன் கடைசியாக எழுதிய கணக்கு நோட்டிலிருந்து நான்கு பக்கம் போட்டோ எடுத்து அனுப்புங்கள். திருத்தாமல், அடித்தது கிறுக்கியது எல்லாம் இருக்கட்டும். அதைப் பார்த்துவிட்டு அவனோடு ஒரு அரை மணி நேரம் பேசுகிறேன், நீங்கள் அந்த நேரத்தில் பக்கத்தில் இல்லாமல் இருந்தால் நல்லது.