முதற்பலன் என்னும் சொல்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு மிஷனரிப் பணித்தளத்தில் 9 ஆண்டுகளாக ஊழியம் செய்கிறேன். எங்கள் சபையில் இப்போது 23 பேர் இருக்கிறார்கள். வில்லியம் கேரி முதல் ஆத்துமாவுக்காக ஏழு ஆண்டுகள் காத்திருந்தார் என்று சொல்லித்தான் இத்தனை காலமும் என்னைத் தேற்றிக்கொண்டேன். இப்போது அந்தக் கணக்கும் தாண்டிவிட்டது. பலன் குறைவாக இருப்பதால் அடுத்த ஆண்டு முதல் ஆதரவைத் தொடர்வது பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று எங்களைத் தாங்கும் சபையின் கமிட்டி எழுதியிருக்கிறது. இந்த மனநிலையில்தான் உயிர்த்தெழுந்த பண்டிகைச் செய்தியை ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறேன். கல்லறைக்குப் போன பெண்கள் எத்தனை பேர் என்பதில் நான்கு சுவிசேஷங்களும் வேறுபடுகின்றனவே என்று ஓர் இளைஞர் கேட்கிறார். இயேசுவின் உடலைச் சுற்றிய துணி என்று சிலர் சொல்லும், இத்தாலியின் தூரின் நகரத்துச் சவச்சீலையைச் சான்றாகக் காட்டலாமா என்று இன்னொருவர் கேட்கிறார். சோர்ந்திருக்கும் ஒரு சிறிய சபைக்கு உயிர்த்தெழுதலை நிரூபித்துக் காட்ட எந்த வேதபகுதி ஏற்றது? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த வாரத்தில் நான் கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். அந்த அதிகாரத்தோடு சேர்ந்த ஒரு நினைவு பல ஆண்டுகளாக என்னை விடாமல் தொடர்ந்துவருகிறது. அதை எழுதிவிட வேண்டும் என்று எண்ணியிருந்த நேரத்தில் நீங்கள் எழுதியதால்தான் தனியே பதில் அனுப்பாமல் இங்கே எழுதுகிறேன்.

சவச்சீலையை விட்டுவிடுங்கள். 1988-இல் செய்யப்பட்ட கதிரியக்கக் கரிமச் சோதனை அந்தத் துணியை 1260-க்கும் 1390-க்கும் இடைப்பட்ட காலத்தது என்று கணித்தது. அதை மறுத்து வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும், அப்போஸ்தலர் எவரும் ஒரு துணியைக் கையில் ஏந்திக்கொண்டு பிரசங்கிக்கவில்லை. பெண்களின் எண்ணிக்கை பற்றிக் கேட்ட இளைஞரிடம், மகதலேனா மரியாளை நான்கு சுவிசேஷங்களும் சொல்கின்றன என்பதையும், அவள் ஒருத்தியை மட்டுமே பெயர் சொல்லும் யோவான்கூட, "அவரை வைத்த இடம் எங்களுக்குத் தெரியவில்லை" என்று பன்மையில் அவளைப் பேசவைக்கிறார் என்பதையும் காட்டுங்கள். அவருக்கு இன்னும் கேள்விகள் இருந்தால் இருக்கட்டும். கலிலேயாவின் மலையில் உயிர்த்தெழுந்தவரைப் பணிந்துகொண்டவர்களில் சிலர் சந்தேகப்பட்டார்கள் என்று மத்தேயு மறைக்காமல் எழுதுகிறார். சகல ஜாதிகளிடத்திலும் போகும்படியான கட்டளை அந்தப் பதினொரு சீஷருக்குத்தான், அந்தச் சந்தேகத்தோடேயே, கொடுக்கப்பட்டது.

கேரியைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதை என்னால் அப்படிக் கடந்துபோக முடியவில்லை. 1793-இல் வங்காளம் வந்த அவர், கிருஷ்ண பால் என்ற தச்சருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1800 டிசம்பரில் என்பது உண்மை. 1813-இல் பர்மாவுக்குப் போன அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனும் முதல் ஞானஸ்நானத்துக்கு 1819 வரை காத்திருந்தார். ஆனால் இந்த ஆண்டுகளை நாம் மேடைகளில் எப்படிச் சொல்லிப் பழகிவிட்டோம் என்று யோசியுங்கள். ஏழு ஆண்டுகள் பொறுத்தால் எட்டாம் ஆண்டில் கூட்டம் வரும் என்பதுபோலச் சொல்கிறோம். நீங்களும் அவருடைய ஏழு ஆண்டுகளை ஒரு தவணையாக எடுத்துக்கொண்டு, தவணை கடந்ததும் ஆண்டவரிடம் பாக்கியைக் கேட்கிறீர்கள். ஒருவருக்காகக் காத்திருந்த மனிதரோடு, 23 பேரைப் பெற்றிருக்கிற நீங்கள் உங்களை ஒப்பிட்டுச் சோர்ந்துபோவது எவ்வளவு பெரிய நன்றிகேடு! உங்கள் கடிதத்தில் ஒன்பது இருக்கிறது, இருபத்துமூன்று இருக்கிறது, கேரியின் ஏழும் இருக்கிறது. அந்த மனிதர்களில் ஒருவரைப் பற்றிக்கூட ஒரு வரி இல்லை. கடிந்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கமிட்டியின் கண்களை நீங்களே வாங்கி மாட்டிக்கொண்டு உங்கள் சபையைப் பார்க்கிறீர்கள் என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

என் தகப்பனார் ஒரு சிறிய சபையின் உபதேசியாராக இருந்தார். ஞாயிறுதோறும் ஆராதனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கையை ஒரு பதிவேட்டில் எழுதி, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு மழைநாள் ஞாயிற்றுக்கிழமையில் வயதான ஒரு பெண்மணி மட்டும் வந்தார். அந்த ஊழியத்தில் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்றவர் அவர்தான். தகப்பனார் பாவ அறிக்கை முதல் ஆசீர்வாதம் வரை ஒன்றையும் குறைக்காமல் ஆராதனையை நடத்திவிட்டு, பதிவேட்டில் 1 என்று எழுதினார். உபதேசியாரின் வீட்டார் அந்த எண்ணிக்கையில் சேரமாட்டார்கள். அந்த எண்ணுக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்ததும், அவர் அதைப் பதிவேட்டுக்குள்ளேயே மடித்து வைத்துவிட்டு விளக்கம் ஒன்றும் அனுப்பாமல் இருந்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அந்த அம்மா இறந்துபோனார். கல்லறையருகே தகப்பனார் 15-ஆம் அதிகாரத்தை வாசித்தார். ஓய்வுநாள் பாடசாலையில் மனப்பாடம் செய்திருந்ததால் அது எங்கே முடியும் என்று எனக்குத் தெரியும். "கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராதென்று அறிந்து" என்ற கடைசி வசனம் வந்தது; அவர் நிறுத்தவில்லை. அதே குரலில் அடுத்த அதிகாரத்துக்குள் போனார். தர்மப்பணம் சேர்ப்பது, மக்கெதோனியா வழியாக வரும் பயணத் திட்டம், தீமோத்தேயு வந்தால் அவனைப் பயமில்லாமல் இருக்கச் செய்வது, அப்பொல்லோவுக்கு இப்போது வர மனதில்லாதது என்று, அடக்க ஆராதனையில் எவரும் வாசிக்காதவற்றையெல்லாம் வாசித்துக்கொண்டே போனார். கண்ணீரால் இடம் தவறிவிட்டார் என்று நினைத்து நான் வெட்கத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்தேவானுடைய வீட்டார் அகாயாநாட்டிலே முதற்பலனானவர்கள் என்ற இடம் வந்தபோது அவருடைய குரல் உடைந்தது. அதோடு புத்தகத்தை மூடினார். வீடு திரும்பும் வழியில், ஏன் அவ்வளவு தூரம் வாசித்தீர்கள் என்று கேட்டேன். "அந்த அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிற இடத்துக்கு வராமல் எப்படி நிறுத்துவது?" என்றார்.

அந்தப் பதில் எனக்குப் புரிய முப்பது ஆண்டுகள் ஆயின. 15-ஆம் அதிகாரத்தின் 20-ஆம் வசனத்தில், கிறிஸ்து மரித்தோரிலிருந்து எழுந்து, நித்திரையடைந்தவர்களில் முதற்பலனானார் என்று பவுல் எழுதியிருக்கிறார். அடுத்த அதிகாரத்தில், கொரிந்து பட்டணம் இருந்த அகாயா நாட்டில் முதலில் விசுவாசித்த ஸ்தேவானின் வீட்டாருக்கும் அதே சொல்லை இடுகிறார். தமிழில் மட்டும் இப்படி நேர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், கிரேக்கத்திலும் இரண்டு இடங்களிலும் 'அபார்கே' என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. கல்லறையைத் திறந்துகொண்டு வந்தவரைக் குறிக்க எடுத்த சொல்லை, ஒரு துறைமுகப் பட்டணத்தில் ஞானஸ்நானம் பெற்ற ஒரு வீட்டாருக்கு எடுத்துக் கொடுக்க அவருக்குத் தயக்கமில்லை. இரண்டு இடங்களுக்கும் நடுவே இன்று ஓர் அதிகாரத் தலைப்பு நிற்கிறது. அது பவுல் போட்டதன்று. அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் வகுத்தவை. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் பதித்த பதிப்பில் வந்தவை. ஏறக்குறைய 54 அல்லது 55-ஆம் ஆண்டில் எபேசுவிலிருந்து வந்த அந்த நிருபத்தை உரக்க வாசித்துக் கேட்ட கொரிந்துச் சபையார், உயிர்த்தெழுதலையும் ஸ்தேவானின் வீட்டையும் ஒரே மூச்சில் கேட்டார்கள்.

முதற்பலன் என்றால் என்ன என்று லேவியராகமத்தின் 23-ஆம் அதிகாரத்தில் பாருங்கள். அறுப்புத் தொடங்கும்போது ஒரேயொரு கதிர்க்கட்டை ஆசாரியனிடம் கொண்டுவர வேண்டும். ஓய்வுநாளுக்கு மறுநாளில் அவன் அதைக் கர்த்தருடைய சந்நிதியில் அசைவாட்டுவான். அந்தக் கட்டு ஒரு குடும்பத்தின் ஒருநாள் உணவுக்குக்கூடப் போதாமல் இருக்கலாம். ஆனால் வயலில் நிற்கும் மற்ற கதிர்கள் எந்த இனமோ அதே இனம்தான் அது. மீதி வயலும் அறுக்கப்படும் என்பதற்கு அச்சாரமும் அதுவே. கிறிஸ்து தனியாக எழுந்தார், ஆகவே அவருக்கு மட்டும் நடந்த அற்புதம் என்று எண்ணிவிடாதிருக்கத்தான் பவுல் அந்தச் சொல்லைப் பிடித்தார். ஒரு வீட்டார் மட்டும் வந்தார்கள், ஆகவே பிரயாசம் வீண் என்று எண்ணிவிடாதிருக்கவும் அதே சொல்லைப் பிடித்தார். உங்கள் 23 பேரைக் குறைந்துபோன விளைச்சல் என்று கமிட்டி சொல்லலாம். வேதம் அவர்களுக்கு வைத்திருக்கிற பெயர் கதிர்க்கட்டு. சோர்ந்த சபைக்கு எதை நிரூபிப்பது என்று கேட்டிருந்தீர்கள். கொரிந்தியர் கிறிஸ்து எழுந்தார் என்ற பிரசங்கத்தை ஏற்றுக்கொண்டவர்கள்தான்; அவர் எழுந்ததற்கும் தங்கள் மரணத்துக்கும் தங்கள் உழைப்புக்கும் தொடர்பு இருப்பதைத்தான் அவர்களில் சிலர் நம்பவில்லை. பவுல் அவர்களுக்கு எழுதும்போது 'விருதா' என்ற சொல்லையே அந்த அதிகாரம் முழுவதும் சுமந்துகொண்டு போகிறார். கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா என்று 14-ஆம் வசனத்தில் அதை அச்சமூட்டும்படி சொல்லிவிட்டு, அதே சொல்லை 58-ஆம் வசனத்தில் அவர்களுடைய பிரயாசத்தின் மேலிருந்து எடுத்துப் போடுகிறார்.

இன்னொன்று. அதே நிருபத்தின் முதல் அதிகாரத்தில், ஸ்தேவானின் வீட்டாருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததைப் பவுல் சற்றுப் பிந்தித்தான் நினைவுகூருகிறார். வேறு யாருக்காவது கொடுத்தேனோ இல்லையோ அறியேன் என்று எழுதுகிறார். அவரிடம் பதிவேடு இல்லை. ஆனால் ஸ்தேவான், பொர்த்துனாத்து, அகாயுக்கு என்ற மூவரும் கடல் கடந்து தம்மிடம் வந்து தம் ஆவிக்கு ஆறுதல் செய்ததைப் பெயர் பெயராக எழுதிவைக்கிறார். நடப்பட்ட சபை நட்டவரைத் தேற்றியது. உங்கள் சபையில் உங்களைத் தேற்ற வந்தவர் ஒருவரும் இல்லையா? நீங்கள்தான் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

மொராவிய சகோதரர் என்ற புராட்டஸ்டன்ட் சபையாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1732-இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்ற குடியிருப்பில், பண்டிகை நாளின் விடியலுக்கு முன் சில இளைஞர்கள் தங்கள் கல்லறைத் தோட்டத்தில் கூடிப் பாடினார்கள். இன்று பல சபைகள் கொண்டாடும் விடியற்கால ஆராதனை அங்கிருந்து பரவியது. ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடின்றி ஒரே அளவான கற்கள் தரையோடு தரையாகக் கிடக்கும் அந்த இடத்துக்குத் 'தேவனுடைய வயல்' என்பது பெயர். அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அந்தச் சிறிய சபை, லெயோன்ஹார்ட் டோபர் என்ற குயவரையும் தாவீது நிட்ச்மன் என்ற தச்சரையும் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளிடம் அனுப்பியது. அவர்களைப் பின்தொடர்ந்து அந்தத் தீவுகளுக்குப் போனவர்களில் பலர் காய்ச்சலால் விரைவிலேயே இறந்தார்கள். இறந்தவர்களை விதைக்கப்பட்டவர்களாகப் பார்க்கக் கற்றிருந்ததால்தான் அவர்களால் அடுத்தடுத்து ஆட்களை அனுப்ப முடிந்தது என்று நான் நம்புகிறேன்.

உங்கள் கமிட்டியாருக்கும் ஒரு வார்த்தை. 15-ஆம் அதிகாரத்தை உண்மையில் விசுவாசிக்கிற ஒரு சபை, பலன் குறைவு என்ற காரணத்துக்காக ஒரு பணித்தளத்தைக் கைவிட முடியாது. பணம் இல்லை என்று நேர்மையாகச் சொல்லலாம். உங்களுக்குச் சொல்வது வேறு. 16-ஆம் அதிகாரத்தின் தர்மப்பணம் தாய்ச்சபையிலிருந்து மிஷன் சபைகளுக்கு வந்த உதவி அன்று. கலாத்தியாவிலும் கொரிந்துவிலும் புதிதாய் உண்டான சபைகள் எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்தது. ஆண்டவர் எழுந்த வாரத்தின் முதல் நாளிலேயே, அவனவன் வரவுக்குத் தக்கதாகச் சேர்த்துவைக்கச் சொன்னார் பவுல். உங்கள் 23 பேரைக் கையேந்தி நிற்கிறவர்களாகவே வைத்திருக்காதீர்கள். அவர்கள் யாருக்காவது கொடுக்கட்டும், எவ்வளவு சிறியதானாலும் சரி.

பண்டிகையன்று 15-ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். முடிந்ததும் நிறுத்தாமல் 16-ஆம் அதிகாரத்தின் 18-ஆம் வசனம் வரை போங்கள். உங்கள் சபையில் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர் உயிரோடிருந்தால் அவரை முன்வரிசையில் அமரச் செய்து, ஸ்தேவானின் வசனம் வரும்போது அவர் முகத்தைப் பார்த்து வாசியுங்கள். அவர் யார், என்ன தொழில் செய்கிறார், எப்படி வந்தார் என்று எனக்கு எழுதுங்கள். அதை வெளியிட மாட்டேன்.

அன்புடனும் ஜெபத்துடனும்.