மகனின் உளியைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்

வெள்ளவத்தையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் மூன்று தரம் வாசித்தேன். "கொமர்ஸ் படித்த பிள்ளையை எப்படி, சேர், தச்சு வேலைக்கு விடுவது?" உயர்தரப் பெறுபேறு சுமாராக வந்ததும், இரண்டாம் முறை எழுத மாட்டேன், சீ.ஐ.எம்.ஏ. கணக்கியல் படிப்பும் வேண்டாம், தளபாடம் செய்யப் பழகப் போகிறேன் என்று மகன் சொல்லிவிட்டார். வெளிநாட்டு மரவேலைக்காரர்கள் ஆங்கிலத்தில் எழுதுவதை இரவிரவாக வாசிக்கிறார். பகலில் மொட்டை மாடியில் பலகை சீவுகிறார், கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார்.

அந்த வாசிப்பைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். எந்தக் கம்பனியின் விளம்பரத்தையும் நம்பியிராமல், சொந்தக் காசில் வாங்கிய சீவுளியைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர்களில் பலர். "மூன்று உளி போதும், மற்றதை வாங்காதே" என்று துணிந்து சொல்வார்கள். கடைக்காரர் அப்படிச் சொல்வாரா? ஆனால் அவர்கள் ஓக், வால்நட் மரங்களை வைத்து எழுதுகிறார்கள், குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு வீடே காய்ந்துபோகும் ஊர்களில் இருந்து எழுதுகிறார்கள். நம் கதை வேறு. மரம் நீளவாக்கில் அவ்வளவாக அசையாது, ஈரத்துக்கு அகலவாக்கில்தான் வீங்கும், சுருங்கும். கடற்கரையோரக் காற்றில் செய்த மேசையை ஏசி அறைக்குள் வைத்தால் மேற்பலகை சுருங்கத் தொடங்கும். அசைய இடம் விடாமல் பசை போட்டு இறுக்கியிருந்தால் வெடித்துவிடும். உங்கள் வீட்டில் பழைய அலுமாரி இருந்தால் கதவைப் பாருங்கள். நடுப்பலகை சட்டத்தின் பள்ளத்துக்குள் சும்மா செருகி நிற்கும், ஒட்டியிருக்காது. ஏன் என்று மகனிடம் கேளுங்கள். உடனே காரணம் சொன்னால், வாசித்தது உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம்.

வாசித்தது கைக்கு வந்திருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. அதைப் பார்க்க என்னிடம் ஒரே ஒரு சோதனை உண்டு: ஆள் கருவியைத் தீட்டுவாரா, மாட்டாரா?

மரவேலை பிடிக்கும் என்று வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பிடித்திருப்பது முடிந்த கதிரையின் படம். தீட்டுக்கல்லின் முன்னால் அரை மணித்தியாலம் இருக்கச் சொன்னால் முகம் மாறிவிடும். 1000 இலக்கக் கல்லில் ஏறக்குறைய 30 பாகையில் உளியைப் பிடித்துத் தேய்க்க வேண்டும். சற்று நேரத்தில் உளியின் பின்பக்கம் பெருவிரலை மெல்ல வைத்தால் மெல்லிய பிசிறு ஒன்று தட்டுப்படும். விளிம்பு முழுக்க அது வரும்வரை விடக் கூடாது. பிறகு இன்னும் நுண்ணிய 6000 கல்லில் இரண்டு பக்கமும் மெருகேற்றி அந்தப் பிசிறை எடுக்க வேண்டும். இனி ஒரு துண்டு பைன் போதும், சாமான் வந்திறங்கிய பலட்டில் கழற்றியது. அதன் வெட்டுமுகத்தை, அதாவது இழை குறுக்கே வெட்டுப்பட்டுத் தெரியும் முனைப் பக்கத்தை, கையால் தள்ளிச் சீவ வேண்டும். பைன் மென்மையான மரம், மொட்டை உளிக்கு நசுங்கிப் பொடியாகும். கூரான உளிக்கு மெழுகு போல வழுவழுப்பாக வரும். அதில் பொய் சொல்ல முடியாது.

ஆகவே மூன்று மாதம் பொறுங்கள். பழைய சோனகத் தெருவில் ஒரு சீவுளி, 6, 12, 25 மில்லிமீற்றரில் மூன்று உளி, ஒரு வாள், கொட்டாப்புளி, மூலைமட்டம், தீட்டுக்கல் வாங்கிக் கொடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். உங்கள் வீடு கடலுக்குக் கிட்ட, தையல் மெஷின் எண்ணெய் பூசாவிட்டால் இரும்பு துருப்பிடித்துவிடும். தேக்கில் தொடங்க வேண்டாம். அதில் சிலிக்கா இருப்பதால் கருவி சீக்கிரம் மழுங்கும், விலையும் கூட. முதிரையில் இழை பின்னிக் கிடக்கும், புதுக் கைக்குச் சீவச் சீவப் பிய்யும். பைன் பழகியதும் மகோகனி. பழைய வீடு இடிக்கும் இடத்தில் பலா ஜன்னல் சட்டம் கிடைத்தால் விடாதீர்கள். அனுமதியில்லாமல் பலா மரத்தைத் தறிக்கக் கூடாது என்று 1951லிருந்து சட்டம் இருக்கிறது. பழைய ஜன்னல் சட்டத்தின் கறுத்த மேல்பரப்பைச் சீவினால் உள்ளே இன்னும் மஞ்சள் தெரியும்.

நான் விட்ட பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்னர் இதே போல வந்த ஒரு பையனை, விசாரிக்காமல் ஒரு பட்டறைக்கு அனுப்பினேன். ஆறு மாதம் சாண்ட்பேப்பர் தேய்த்தான், பலகை சுமந்தான், தேநீர் வாங்கி வந்தான். உளி தொடவில்லை. தொழிலை வெறுத்துவிட்டுப் போனவன் இன்று ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். அதிலிருந்து எந்த இடத்துக்கும் அனுப்ப முன்னர் நான் கேட்கிற கேள்வி: கிழமையில் எத்தனை மணித்தியாலம் பிள்ளைக்கென்று ஒரு வேலைமேசை கிடைக்கும்?

மொறட்டுவை உங்களுக்குத் தூரமில்லை. வெள்ளவத்தையில் கரையோர ரயில் ஏறினால் போதும், இல்லாவிட்டால் 101 பஸ். இலங்கையில் தளபாடம் என்றாலே அந்த ஊர்தான். ஆனால் அங்கே பாஸ், அதாவது பட்டறையின் தலைமைத் தச்சர், சொல்லித் தருவது சிங்களத்தில். மகனின் சிங்களம் எப்படி? தட்டுத்தடுமாறிப் பேசுவாரென்றால் இந்த மூன்று மாதத்தில் அதையும் சேர்த்துக்கொள்ளட்டும். அரச பயிற்சி நிலையத்தில் சேர்வதென்றால் தமிழ்மொழி வகுப்பு உண்டா, தளபாடமா கட்டட மரவேலையா என்று காசு கட்ட முன்னரே கேளுங்கள். இரண்டும் வேறு வேறு வேலை. என்.வீ.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமை முறையில் 4ஆம் மட்டம் வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். ஆகவே "படிப்பு அத்தோடு முடிந்துவிடும்" என்ற உங்கள் பயத்துக்கு இடமில்லை. பட்டறையில் பழகியவரைப் பரீட்சித்துச் சான்றிதழ் கொடுக்கும் வழியும் உண்டு.

வருமானத்தைப் பற்றி இனிப்பாகப் பேச மாட்டேன். கையால் கதிரை செய்து முதல் இரண்டு மூன்று வருடம் குடும்பம் நடத்த முடியாது. இன்றைக்குக் காசு புழங்குவது அபார்ட்மென்ட்களின் மெலமைன் பலகை பன்ட்ரி அலுமாரிகளில். மகனுக்கு அது பிடிக்காது, எனக்கும் பிடிக்காது, ஆனாலும் பழகத்தான் வேண்டும். கைக்கருவித் திறமை பழைய தளபாடம் திருத்துவதில் உடனே உதவும். கொழும்பில் பாட்டி காலத்துக் கட்டிலை எறிய மனமில்லாத வீடுகள் நிறைய. அப்புறம், நீங்கள் வீண் என்று நினைக்கிற கொமர்ஸ். மரத்தின் விலையை மட்டும் கூட்டி, தன் நேரத்தைக் கூட்ட மறந்து நட்டப்பட்ட நல்ல கைகாரர் பலரை எனக்குத் தெரியும்.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை இருவரும் வாருங்கள். மகன் சான்றிதழ் ஒன்றும் கொண்டு வர வேண்டாம். 25 மில்லிமீற்றர் உளியைப் பேப்பரில் சுற்றி, கூடவே ஒரு துண்டு பைனும் எடுத்து வரட்டும்.